பதவியேற்பு மணி

கில்டராக் தேவாலய வாசலில் ஐவி ஸ்விட்சர் என் குடையை வாங்கிக்கொண்டாள்.

"வந்துட்டியா ஹெஸ்டர்! நீ வரமாட்டேன்னு எல்லாரும் சொன்னாங்க. சாண்ட்விச் செஞ்சு வச்சிருக்கேன். பிஷப் பேச்சை நீட்டினா காஞ்சு போயிடும்."

கடைசி வரிசையில், மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஈரக் கம்பளிக் கோட்டுகளின் வாடை.

என் கணவர் ஆம்ப்ரோஸ் ஹாக்கெட் இங்கேதான் பாதிரியாரானார், இங்கேயே கிழவரானார். அவரிடம் உதவிப் பாதிரியாராக இருந்த லயனல் ட்வாம்லி, தினமும் எங்கள் மேசையில் சாப்பிட்டவன், பிஷப்பிடம் போய், கிழவருக்கு நினைவு தப்புகிறது என்று சொன்னான். எங்களை வாடகை வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிர்காலம் முடிவதற்குள் ஆம்ப்ரோஸ் இறந்தார்.

இன்று லயனலுக்குப் பதவியேற்பு.

புதுப் பாதிரியார் தேவாலயச் சாவியை வாங்கியதும் தன் கையாலேயே மணியடிக்க வேண்டும். எத்தனை அடியோ அத்தனை வருஷம் இருப்பார் என்பது ஊர்ப்பேச்சு. தன் பதவியேற்பு அன்று ஆம்ப்ரோஸ் நிறுத்தாமல் அடித்தார். "இந்த ஆள் செத்தாலும் போகமாட்டார் போலிருக்கே!" என்று யாரோ கத்த, சபையே சிரித்தது. கல்யாணமான புதிது, நானும் சிரித்தேன்.

லயனல் கயிற்றை இழுத்தான்.

சத்தமில்லை.

மறுபடி இழுத்தான். கிட்டத்தட்டத் தொங்கினான்.

"ஐவி, அவருக்கு முதல்ல சாண்ட்விச் குடு!" என்றது ஒரு குரல். சிரிப்பு.

லயனல் என் பக்கம் குனிந்தான். முகம் வெளுத்திருந்தது.

"மேலேருந்து யாரோ இழுக்கிறாங்க, மிஸஸ் ஹாக்கெட்."

எழுந்து கயிற்றைத் தொட்டேன்.

கதகதப்பாக இருந்தது. அவருடைய பைப் புகையிலை வாசனை. தோள்வலிக்கு நான் தேய்த்துவிடும் தைலத்தின் வாசனை.

வாடகை வீட்டில் விளக்கை அணைக்காமல் எத்தனை நாள் காத்திருந்தேன்! ஒரு காலடி, ஒரு இருமல் போதும் என்று. ஒன்றும் வரவில்லை. செத்தவர்கள் வருவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

இங்கே வந்திருக்கிறார்.

"விட்டுடுங்க, ஆம்ப்ரோஸ்," என்று முணுமுணுத்தேன். "என்னோட வீட்டுக்கு வாங்க."

கயிறு தளர்ந்தது.

லயனல் பாய்ந்து பிடித்து ஒருமுறை இழுத்தான். மணி ஒலித்தது. பெருமூச்சோடு கையை எடுத்தான்.

மணி நிற்கவில்லை.

கயிறு தானாக ஏறி இறங்கியது. யாரும் சிரிக்கவில்லை. லயனல் சாவியைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினான்.

எனக்கும் பதில் கிடைத்துவிட்டது: அவர் என்னோடு வரப்போவதில்லை. லயனல் செய்ததுகூட இந்த அளவுக்கு வலிக்கவில்லை.

குடையை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாடகை வீட்டுக் கதவைத் திறக்கும்போதும் அந்த மணி கேட்டுக்கொண்டிருந்தது.