கப்பலில் துண்டு போட்ட இடம்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தால் நாளைக் காலைக் காபியில் என் நாக்கு வெந்து, ஆயுசுக்கும் உப்பு புளி தெரியாமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் எனக்குத் தெரியாது. "அதெப்படி ஓய்?" என்று நடுவில் கேட்கிற உத்தேசம் உள்ளவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். நடந்தது மைசூர் அக்ரஹாரத்தில், தொண்ணூற்றாறாம் வருஷம், விடாமல் தூறிக்கொண்டிருந்த ஆடி மாதத்தில்.

முதலில் மாறியது படுக்கை. மத்தியானத் தூக்கத்துக்காக உள்ளே போன கனகலக்ஷ்மி கட்டிலைப் பார்த்து நின்றுவிட்டாள். காலையில் அவள் மடித்து வைத்த போர்வை விரிந்திருந்தது. சும்மா விரிந்திருக்கவில்லை. ஒரு சுருக்கம் கிடையாது. தலைமாட்டில் ஒரு முனை மட்டும் முக்கோணமாக மடங்கி, 'வா, வந்து படு' என்று கூப்பிடுவதுபோல இருந்தது. அவள் கணவரின் தலையணை நடுவில் தங்கக் காகிதம் சுற்றிய சாக்லேட் ஒன்று. அவள் தலையணையில் ஒன்றும் இல்லை.

"ஏன்னா, இதென்ன கூத்து? நீங்களா பண்ணினேள்?"

கூடத்துச் சாய்வு நாற்காலியில் இருந்து கிருஷ்ணஸ்வாமியின் குரல் வந்தது. "நானா? என் ஜன்மத்துல என்னிக்குப் படுக்கை தட்டிப் போட்டிருக்கேன்? டர்ன் டௌன் சர்வீஸ்னு இதுல போட்டிருக்கான் பாரு. ஆள் வந்து படுக்கையைப் பிரிச்சு, சாக்லேட் வெச்சுட்டுப் போவானாம். தங்க அட்டையில மட்டும்தான். மத்த ரெண்டு கம்பெனிலயும் கேட்டாத்தான் வைப்பான்."

விஷயம் இதுதான். மயாமியில் வேலையாக இருந்த அவருடைய அக்கா பிள்ளை கௌரிசங்கர், மூன்று கப்பல் கம்பெனிகளின் வழவழப்பான புத்தகங்களைத் தபாலில் அனுப்பி, "மாமா, எதுல போகணும்னு பார்த்துச் சொல்லுங்கோ, மத்ததெல்லாம் என் பொறுப்பு" என்று போனில் சொல்லியிருந்தான். கம்பெனிப் பெயரை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வரும். அட்டையின் நிறத்தோடு நிறுத்திக்கொள்வோம்: நீலம், சிவப்பு, தங்கம்.

கிருஷ்ணஸ்வாமி ரயில்வேயில் இருந்து ரிடையரானவர். பெரிய அதிகாரிகளின் சலூன் வண்டிக்குப் பூச்சாடி, வெள்ளித் தட்டு, ஐஸ் என்று ஏற்பாடு பண்ணி, பச்சைக் கொடி காட்டும் வரை பிளாட்பாரத்தில் நின்று சலாம் போட்டவர். ஒரு தடவைகூட உள்ளே உட்கார்ந்ததில்லை. ஆகவே அந்தப் புத்தகங்களில் அவர் கடலைப் பார்க்கவில்லை, தீவுகளைப் பார்க்கவில்லை. சூட் என்கிற உயர்தர அறை எடுத்தவர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிய லவுஞ்சைத்தான் பார்த்தார்.

"நீலம் அர்சிகெரே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூம் மாதிரி, கனகம். வாசல்ல அப்பர் கிளாஸ்னு போர்டு, உள்ளே எவன் வேணா கால் நீட்டிண்டு படுத்திருப்பான். கூடக் கொஞ்சம் கொடுத்தா சாதா கேபின்காரனும் வரலாமாம். சீ! சிவப்பு தேவலை. பட்லர் உண்டு, தனி டைனிங் உண்டு. ஆனா லவுஞ்சுக்கு ஜன்னலே கிடையாது. தங்கம்தான் ஜி.எம். சலூன். தனி லிஃப்ட். நாம மணி அடிக்கறதுக்கு முன்னாடியே பட்லர் வந்து நிப்பானாம்."

"கூப்பிடறதுக்கு முன்னாடி வீட்டுக்குள்ள வந்து நிக்கறவனுக்கு நம்ம ஊர்ல வேற பேருன்னா. திருடன்."

அவர் சிரிக்கவில்லை. பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

தப்பு முந்தின நாளே நடந்துவிட்டது. குளிக்கப் போகிற அவசரத்தில் அவர் தங்கப் புத்தகத்தை லவுஞ்ச் படம் இருந்த பக்கத்தில் விரித்துச் சாய்வு நாற்காலியில் வைத்தார். படத்தில் ஜன்னலோரம் ஒரு காலி இருக்கை. தோளில் கிடந்த சிவப்புக் கரைத் துண்டை எடுத்து அதன்மேல் போட்டு, "இடம் போட்டாச்சு, இனிமே எவன் வந்தாலும் கிடையாது" என்றார். பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியே துண்டை வீசி இடம் பிடிக்கிற வம்சம் நாம். அதில் விளையாட்டு எது, வினை எது என்று யார் பார்க்கிறார்கள்? குளித்துவிட்டு வந்தபோது புத்தகம் இருந்தது. துண்டு இல்லை.

இப்போது கனகலக்ஷ்மி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஜன்னலோர இருக்கையின் கைப்பிடியில் ஒரு துண்டு கிடந்தது. சிவப்புக் கரை. ஓரத்தில், இஸ்திரிப் பெட்டி சுட்ட ஓட்டை. அவள் சுட்டதுதான்.

"ஏன்னா. இது உங்க துண்டு."

"ஆமாம்," என்றார் அவர். "இடம் நமக்குத்தான்னு குறிச்சு வெச்சிருக்கான். என்ன ஒழுங்கு பாரு!"

துண்டு படத்துக்குள் போனதுகூட அவளை அவ்வளவு கலக்கவில்லை. அவர் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் கலக்கியது.

அதற்கப்புறம் தங்க அட்டையில் அச்சடித்திருந்த சலுகைகள் ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வர ஆரம்பித்தன. எல்லாம் அவருக்கு மட்டும். கட்டிலடியில் அவர் காலளவுக்கு வெள்ளைச் செருப்பு. கொடியில் உலர்த்திய துண்டு, அன்னப்பறவையாகத் திருகப்பட்டு அலமாரிமேல் கழுத்தை வளைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பெருங்காயமும் விபூதியும் மணக்கிற வீட்டில், மழை ஈரத்துக்கு அடியில் வேறொரு ஈரம் வாசனையடிக்கத் தொடங்கியது. இரும்புத் துருவும் உப்பும் மீனும் கலந்த வாசனை. மைசூரில் இருந்து எந்தப் பக்கம் போனாலும் மலையிறங்காமல் கடல் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். வாசனைக்குத் தெரியவில்லை.

கனகலக்ஷ்மி சும்மா இருக்கவில்லை. சாக்லேட்டைச் சாக்கடையில் எறிந்தாள். அன்னப்பறவையைப் பிரித்து அதனாலேயே அடுக்களையைத் துடைத்தாள். மூன்று புத்தகங்களையும் வெந்நீர் ஹண்டேயின் அடுப்பில் திணித்தாள். நீலம் எரிந்தது. சிவப்பு எரிந்தது. தங்கம் எரியவில்லை, நெருப்புக்குள் கிடந்து நனைந்தது. மறுநாள் சாய்வு நாற்காலியில், அதே பக்கத்தில், விரிந்திருந்தது.

கிருஷ்ணஸ்வாமி நடக்கும்போது இப்போதெல்லாம் தரை சாய்வதுபோலக் காலை அகட்டி வைத்தார். கன்னத்து நரைமுடியில் உப்புப் பூத்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இருமினாலும் இருமல் எங்கோ தள்ளிக் கேட்டது.

"கௌரிக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லுங்கோ."

"எப்படிச் சொல்றது, கனகம்? இடம் போட்டாச்சே."

"போட்டா? நான் விட்டுடுவேனாக்கும்!"

கப்பலும் வேண்டாம், பட்லரும் வேண்டாம். இந்த மனுஷர் இந்தக் கூடத்தில், இந்த நாற்காலியில், நொய்நொய்யென்று பேசிக்கொண்டு இருந்தால் போதும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

வேலைக்கு வருகிற சித்தம்மா மார்டள்ளி என்கிற எல்லையோரத் தமிழ்க் கிராமத்துக்காரி, எதற்கும் அலட்டிக்கொள்ளாதவள். ஒரு சாயங்காலம் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"ஏனுங்கம்மா, மேமாடியில ஆளு வெச்சிருக்கீங்களா? வெள்ளைக் கையுறை போட்டுட்டு ஒருத்தரு எறங்கி வந்தாருங்க. ஐயா ரெடியான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"தூங்கறாருன்னேனுங்க. செரி, எடம் அப்படியே இருக்கட்டும்னுட்டு மேல போயிட்டாரு. நல்ல மரியாதிங்க அந்தாளு."

சித்தம்மா குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். கனகலக்ஷ்மி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். அந்த வீட்டுக்கு மாடி கிடையாது. மேலே ஓடு. ஓட்டுக்கு மேலே மழை.

விளக்கேற்றும் நேரத்தில் கரண்ட் போனது. தெருவில் சைக்கிள் மணியும், கோயில் பக்கத்துப் பூக்காரியின் குரலும், ஓட்டில் விழுந்த தூறலும் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கி, அந்த அமைதிக்கு அடியில் இருந்து, வீடே ஒரு பெரிய மரப்பெட்டிபோல மெல்ல முனகியது. தரை இடப்பக்கம் சாய்ந்தது. திரும்ப வலப்பக்கம். குத்துவிளக்கின் சுடர் நேராக நின்றது, விளக்குதான் சாய்ந்தது. ஸ்டோர் ரூம் சுவருக்குப் பின்னால், செங்கல்லுக்குள், எதுவோ கயிற்றில் இறங்கி வந்துகொண்டிருந்தது.

"ஏன்னா?"

படுக்கையறைக்கு ஓடினாள்.

கட்டிலில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கன்னத்துக்கடியில் கை. மடங்கிய முழங்கால். அப்பாடா என்று தோளைத் தொட்டாள். தோள் அமுங்கியது. துண்டு. முழுக்கத் துண்டு. மூக்கு, காது, விரல் எல்லாம் மடித்து மடித்துச் செய்த வெள்ளைத் துண்டு. கண்ணிருக்கும் இடத்தில் இரண்டு சாக்லேட்.

இருமல் கேட்டது. கூடத்தில். நாற்காலியில். புத்தகத்துக்குள்ளே.

படத்தில் லவுஞ்சின் கடைசியில், இதுவரை இல்லாத ஒரு மனிதர் வேஷ்டியோடு நின்றிருந்தார். இவளுக்கு முதுகு. ஜன்னலோர இருக்கையைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். படம் அசையவில்லை. ஆனால் அவள் கண்சிமிட்டும்போதெல்லாம் ஓரடி முன்னால் இருந்தார்.

சுவருக்குள் மணி ஒன்று இனிமையாக ஒலித்தது. கதவு விலகும் ஓசை. உப்புக்காற்று. அவள் பிடரிக்குப் பின்னால், மிக அருகில், தேன் தடவிய குரல்.

"மாமாவுக்கு இடம் தயார், மாமி."

அவள் திரும்பவில்லை.

"யாரைக் கேட்டுண்டு உள்ளே வந்தே?"

"துண்டு இருக்கே, மாமி. அது மாமாவோட இடம்."

கனகலக்ஷ்மிக்கு அந்தக் கடைசி வார்த்தையில் ரத்தம் தலைக்கேறியது. மண்டி மொஹல்லா பஸ் நெரிசலில் காலமெல்லாம் இடிபட்டு வந்தவளிடம் துண்டு நியாயமா?

"துண்டு போட்டவனுக்கு இடமா? அடேய், உட்கார்ந்தவாளுக்குத்தான்டா இடம்! எத்தனை பேரோட துண்டை வழிச்சு எறிஞ்சுட்டு உட்கார்ந்திருக்கேன் தெரியுமா? கண்டக்டரே வாயைத் திறந்ததில்லை. நீ யாரு?"



அவள் படத்துக்குள் விரலை நீட்டினாள். காகிதம் கிணற்றுத் தண்ணீராகச் சில்லிட்டது. மணிக்கட்டு வரை. முழங்கை வரை. சொரசொரப்பான நூல் கையில் தட்டுப்பட்டது. பிடித்தாள். இழுத்தாள். உப்புநீர் சொட்டச் சொட்டத் துண்டு வெளியே வந்தது. அதைக் கூடத்து மூலையில் வீசினாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். திரும்பி, விரிந்திருந்த பக்கத்தின்மேல், சாய்வு நாற்காலியில், கனமாக, தீர்மானமாக உட்கார்ந்தாள்.

இருக்கை மெத்தென்று இருந்தது.

வாசனை போய்விட்டது. இருட்டு போய்விட்டது. முன்னால் ஒரு வட்ட ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் கடல் இல்லை. அவள் வீட்டுக் கூடம் இருந்தது. கரண்ட் வந்திருந்தது. நடுவில் கிருஷ்ணஸ்வாமி, எதற்காக இந்த அறைக்கு வந்தோம் என்று மறந்தவரைப்போல நின்றார். கால் அகட்டவில்லை. இருமினார்; கிட்டத்தில் இருமினார். அவள் கண்ணில் நீர் வந்தது. ஜெயித்துவிட்டாள்.

"ஏன்னா! இங்கே பாருங்கோ!"

அவர் குனிந்தார். அவர் முகம் ஜன்னல் முழுக்க நிறைந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெரிய கண்கள் அவளை நேராகப் பார்த்தன. நிதானமாக, படத்தில் இருக்கிற யாரோ ஒரு அம்மாளைப் பார்ப்பதுபோல.

"பலே," என்றார். "நம்மவா கூட இதுல போறா!"

அடுக்களைக்குப் போனார். ஒரே ஒரு டம்ளரை எடுத்துக் கழுவினார். காபி கலந்தார். திரும்பி வரும்போது மூலையில் கிடந்த ஈரத்துண்டைக் கண்டார். முறுக்கிப் பிழிந்து, உதறி, சிரித்துக்கொண்டே ஜன்னலை நோக்கி வீசினார்.

அது அவள் பக்கத்து இருக்கையில் வந்து விழுந்தது.

சுவருக்குள் மணி இனிமையாக ஒலித்தது.

அப்போதுதான் அவள் லவுஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். வரிசை வரிசையாக இருக்கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு தொப்பி, ஒரு சால்வை, ஒரு கைக்குட்டை. ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒருவர், முதுகு நிமிர்ந்து, வெள்ளைத் துணியில் மடித்த முகத்தோடு, அவளை நோக்கித் திரும்பியிருந்தார். வெள்ளைக் கையுறை ஒன்று அவள் தோளில் இறங்கி, புடவையின் முனையை எடுத்து, மெதுவாக, அழகாக, முக்கோணமாக மடிக்க ஆரம்பித்தது. மடித்த இடத்தில் அவளுக்குக் கை இல்லை. மீதமிருந்த கையால் கனகலக்ஷ்மி பக்கத்து இருக்கைத் துண்டை வெடுக்கென்று இழுத்தாள். தனக்கு அடியில் போட்டுக்கொண்டாள். அதன்மேல் உட்கார்ந்தாள்.

"இதுவும் என் இடம்," என்றாள். "மடி. எவ்வளவு மடிக்கறேன்னு பார்க்கறேன்."

கையுறை அவசரப்படாமல் மடித்துக்கொண்டே இருந்தது.

அக்ரஹாரத்தில் இன்று யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: கிருஷ்ணஸ்வாமி கடைசி வரை கல்யாணமே பண்ணிக்கொள்ளாதவர்.