வெள்ளைத் தாள் நின்ற இடம்

"போர்டுல எழுதியிருக்கறது தெரியுதா?" என்று ஏழாம் வகுப்பு டீச்சர் ஒருநாள் அவளைக் கேட்டார்.

கடைசி பெஞ்சிலிருந்து பார்த்தால் போர்டு என்பது ஒரு கறுப்பு. அதன்மேல் யாரோ மாவைத் தட்டிவிட்டதுபோல ஒரு வெள்ளை. அவ்வளவுதான். வகுப்பே திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. எழுந்து நின்று "தெரியலை" என்று சொல்ல அவளுக்குக் கூச்சம். "தெரியுது டீச்சர்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக அதன்பின் நூறு பொய் சொல்ல வேண்டியதாயிற்று. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. "மண்டையில ஏறலை, என்ன பண்றது" என்றார்கள் வீட்டில். அடைப்பு மண்டையில் இல்லை, மண்டைக்குப் போகிற வழியில் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது பத்தொன்பது வயதில் அவளுக்குக் கிடைத்திருந்த வேலைதான் வேடிக்கை. ஓர் அலுவலகத்தின் மீட்டிங் ஹாலில் புரொஜெக்டரை வைத்து, கேபிள் மாட்டி, திரையில் படம் தெளிவாக விழும்படி செய்துதர வேண்டும். அதே அலுவலகத்தில் பெருக்கித் துடைத்து டீ கொடுக்கிற சித்தி கெஞ்சி வாங்கிக்கொடுத்த வேலை. முன்பிருந்த ஆபரேட்டர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டதால் காலியான இடம். சாப்பாட்டு டப்பாவைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனான் என்பார்கள். அவள் வாயே திறக்காததால் ரிமோட்டில் சத்தத்தை நிறுத்துகிற பொத்தானின் பெயரையே அவளுக்கு வைத்துவிட்டார்கள். மியூட்டு.

வேலையை அவள் பழகிக்கொண்டிருந்தாள். அந்த மெஷினைக் கையால் திருக வேண்டாம். பொத்தானை அழுத்தினால், தனக்கு எதிரே முதலில் நிற்பது எதுவோ அதைத் தானே தேடிப்பிடித்து, அதன்மேல் படத்தைத் தெளிவாக்கும். தேடும்போது உள்ளே ஒரு சின்ன மோட்டார் ர்ர்ர் என்று சுற்றும். எதிரே ஏதாவது நகர்ந்தால், யாரும் அழுத்தாமலே மறுபடி ர்ர்ர் என்று தேடும். அவள் செய்ததெல்லாம், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு படத்தைப் போட்டுவிட்டு, திரைக்கு அருகே நடந்துபோய், மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்று கோடு முடிபோல மெலிதாக இருக்கிறதா என்று பார்ப்பது. எல்லோரும் வருவதற்கு ஒரு மணிநேரம் முன்பே செய்துவிடுவாள். ஒருவருக்கும் தெரியாது.

போன வியாழக்கிழமை தெரிந்துபோயிற்று. நடு மீட்டிங்கில் மெஷின் ர்ர்ர் என்றது. எதிரே யாரும் நகரவில்லை. மூன்று நிமிஷம் படம் கலங்கி நின்றது; பின்னால் மெஷின் பக்கத்தில் நின்ற அவளுக்கு அது எப்போதும்போலத்தான் தெரிந்தது.

"எல்லாரும் கண்ணைக் கசக்கிட்டு உக்காந்திருக்கோம், நீ பொம்மை மாதிரி நிக்கற. கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு?" என்றார் மேனேஜர்.

"தெரியுது சார்."

"திங்கக்கெழமை பத்து மணிக்குப் பெரியவங்க வர்றாங்க. ஒரே ஒரு எழுத்து கலங்கட்டும். நீயும் வர வேண்டாம், உன்னைக் கூட்டிட்டு வந்த அந்தம்மாவும் வர வேண்டாம்."

இன்று திங்கட்கிழமை.

ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் ஹாலில் சித்தி பெருக்கிக்கொண்டிருந்தாள். ஜன்னல் திரைகளை எல்லாம் விலக்கி, பளீரென்ற வெயிலில்தான் சித்தி அந்த ஹாலைப் பெருக்குவாள்.

"என்னடி மியூட்டு, உன் மெஷின் இன்னைக்காவது சொன்ன பேச்சு கேக்குமா?"

"கேக்கும் சித்தி."

"கேக்கலைன்னா ரெண்டு பேரும் வீட்ல எதிரெதிரா உக்காந்து ஈ ஓட்டலாம். எனக்கு ஒண்ணும் இல்லை. உங்க சித்தப்பா மூஞ்சியப் பகல் பூரா பாக்கணுமேன்னுதான் பயம்."

அவள் சிரித்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து ப்ளக்கைச் செருகினாள். அங்கே ஒரு டேப் சுருள் கிடந்தது. தரையில் பாதி ஒட்டி, கிழிக்காமலே விட்ட வெள்ளை டேப்பின் முனையில் முழுச் சுருளும் அப்படியே. அதேபோல வெள்ளை டேப் துண்டுகள், ஹாலின் நடுவில், திரையிலிருந்து மெஷின் வரைக்கும் வரிசையாகத் தரையில் ஒட்டியிருந்தன. மேஜை போடுவதற்கான அடையாளம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

"சித்தி, இதையெல்லாம் பிச்சுப் போட்டுடட்டுமா? பார்க்க அசிங்கமா இருக்கு."

"அதுல கை வைக்காத."

"ஏன்?"

"முன்னால இருந்த ஆபரேட்டர் ஒட்டினது. இருந்துட்டுப் போகட்டும்." டேப்பைப் பார்க்காமலே சொன்னாள் சித்தி. துடைப்பம் அந்தத் துண்டுகளை மட்டும் சுற்றிக்கொண்டு போனது.

"கொஞ்ச நேரம் கூட இருங்களேன்."

"நான் இருந்தா உன் படம் தெளிஞ்சிடுமா? போடி. எனக்கு இருட்டுல மூச்சு முட்டும். தண்ணி பாட்டில் வைக்க வருவேன், அதுக்குள்ள முடிச்சுடு."

சித்தி போன பிறகு அவள் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள். கனமான கறுப்புத் துணி. வெயிலை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிடும். கதவும் அதன் பக்கத்தில் விளக்கு சுவிட்சும், படம் விழும் திரைக்கு அருகே ஹாலின் முன்கோடியில் இருந்தன. மெஷின் பின்கோடியில். சுவிட்சை அணைத்துவிட்டு, சுவரைத் தடவியபடி பின்னால் நடந்துபோய் மெஷினைப் போட்டாள். சூடேறுகிற தூசியின் வாசனை எழுந்தது. மெஷினுக்குள் காற்றாடி சீராக மூச்சு விட்டது. கட்டம் போட்ட படம் இருட்டைக் கிழித்துக்கொண்டு போய்த் தூரத்தில் ஒரு வெளிச்சக் கறையாக விழுந்தது. பொத்தானை அழுத்தினாள்.

ர்ர்ர்.

சுவர் ஓரமாகவே திரைவரை போய் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். கோடுகள் ஒவ்வொன்றும் விரல் தடிமனுக்கு வீங்கிக் கிடந்தன. ரிமோட்டை அழுத்தினாள். ர்ர்ர். இன்னும் வீக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரையின் நடுவில் வேறு ஒரு மங்கல் இருந்தது, ஆள் உயரத்துக்கு. தன் நிழல் என்று நினைத்து நகர்ந்தாள். அது நகரவில்லை.

கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். படம் திரையில் தெளியாவிட்டால் வேறு எங்கோ தெளிந்திருக்க வேண்டும். தாளை வெளிச்சத்தில் நீட்டி, முன்னும் பின்னும் நகர்த்தினால் அந்த இடம் அகப்படும். பக்கவாட்டில் நின்று, தாளை மெஷினைப் பார்க்கப் பிடித்து, திரையிலிருந்து மெல்ல விலக்கிக்கொண்டு வந்தாள். கோடுகள் மெலிந்தன. மெலிந்தன. திரைக்கு இரண்டடி முன்னால், வெறும் காற்றில், முடிபோல நின்றன. இவ்வளவு சுத்தமான கோட்டை அவள் பார்த்ததே இல்லை.

குனிந்து பார்த்தாள். காலடியில் முதல் டேப் துண்டு.

குனிந்தபோது கைவிரல் தளர்ந்து தாள் நழுவியிருக்க வேண்டும். அவள் கை கீழே வந்துவிட்டது. தாள் வரவில்லை. ஒரு மூச்சு நேரம் அது அங்கேயே, அந்த உயரத்திலேயே, எதன்மேலோ சாய்ந்ததுபோல நின்றது. பிறகு ஒருவரின் சட்டைமேல் வழுக்கி இறங்குவதுபோல மெல்லச் சரிந்து தரையில் விழுந்தது.

கதவு இரண்டு எட்டில் இருந்தது.

அந்த இரண்டு எட்டை அவள் வைத்திருக்கலாம். ஆனால் வெளியே போய் என்ன சொல்வது? தாள் நின்றது என்றா? கண்ணு தெரியுதா இல்லையா உனக்கு என்பார் மேனேஜர். மணி ஒன்பது இருபது. ஈரத் துடைப்பத்தோடு பதினொரு வருஷமாகக் குனிந்த சித்தியின் முதுகு நினைவுக்கு வந்தது. எல்லாம் என் கண்ணுதான் என்று சொல்லிக்கொண்டாள். பாழாய்ப்போன என் கண்ணு. மெஷினை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். தாளைப் பொறுக்கிக்கொண்டு, சுவரோடு சுவராக ஒட்டி, பின்கோடிக்கு நடந்தாள்.

மெஷினின்மேல் கை வைத்தாள். எதையும் அழுத்தவில்லை.

ர்ர்ர்.

அவள் திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் எப்போதும்போல ஒரு வெளிச்சக் கலக்கம். நடுவிலிருந்த மங்கல் மட்டும் பெரிதாகியிருந்தது. விளக்குக்குக் கிட்டே வர வர நிழல் பெரிதாகும். அதைச் சொல்லித்தர அவளுக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவைப்படவில்லை.

ர்ர்ர்.

வெளிச்சத்தின் ஓரத்தில் நின்று, தாளை நீட்டிக்கொண்டு நான்கு எட்டு முன்னே போனாள். கோடுகள் மெலிந்தன. நின்றாள். காலடியில் மூன்றாவது டேப். தாளின் மறுபக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. மழையில் நனைந்த துணியை மூட்டைகட்டி மறந்துவிட்டால் வருகிற வாசனை வந்தது. தாளை விடவில்லை அவள். தாள்தான் மிக லேசாக, அவள் பக்கம் தள்ளப்பட்டது.

பின்வாங்கினாள். முதுகில் மெஷின் மேஜை இடித்தது. சுற்றிக்கொண்டு மேஜைக்குப் பின்னால் போனாள். பின்னால் சுவர்.

ர்ர்ர்.

இப்போது திரையில் பாதிக்குமேல் கறுப்பு. கதவு அந்தப் பக்கம். சுவிட்ச் அந்தப் பக்கம். ஜன்னல்கள்கூட அந்தப் பக்கம். வெளியே தாழ்வாரத்தில் யாரோ எதற்கோ சிரித்துக்கொண்டு போனார்கள். வெயில் காய்ந்துகொண்டிருக்கும் வெளியே. அவள் கூப்பிட நினைத்தாள். வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. மியூட்டு.

கட்டைவிரல் அணைக்கிற பொத்தான்மேல் இருந்தது. அழுத்தினால் வெளிச்சம் போய்விடும். வெளிச்சம் போனால் அது எங்கே நிற்கிறது என்று தெரியாது. மோட்டார் சத்தமும் இருக்காது. கட்டைவிரலை எடுத்துக்கொண்டாள்.

காலில் ஏதோ தட்டியது. டேப் சுருள். பாதி ஒட்டி, பாதி கிழிக்காமல் விட்டது. அவனும் இங்கேதான் நின்றிருக்கிறான். இதே இடத்தில். அது நின்ற இடங்களைக் குறித்துக்கொண்டே வந்து, கடைசித் துண்டைக் குனிந்து ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

ர்ர்ர்.

இப்போது நான்காவது டேப்பில் நிற்கும்.

அவள் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள். அதற்குமேல் செய்ய ஒன்றும் தோன்றவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாளோ. கை வலித்தது. தாள் இறங்கியது.

லென்ஸுக்கு எதிரே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், கோடுகள் இருந்தன. தாள் இல்லை. சுவர் இல்லை. காற்றில் கோடுகள். முடிபோல மெலிதாக. நேராக இல்லை. இரண்டு இடத்தில் உள்ளே குழிந்து, நடுவில் புடைத்து, கீழே ஒரு பிளவில் வளைந்து, மறுபடி நேராகி. தூரத்தில் இருக்கிற எதையும் அவளால் பார்க்க முடியாது. இது தூரத்தில் இல்லை. ஒவ்வொரு கோடும் தெரிந்தது. குழியில் இறங்கிய கோடுகள் ஒருமுறை அசைந்து மூடி, திறந்தன.

அப்போது முன்கோடியில் கதவு திறந்தது.

தாழ்வாரத்து வெளிச்சத்தில் ஒரு நீலம். சித்தியின் சீருடை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கலக்கம். அந்தத் தூரத்தில் சித்திக்கு முகம் இருந்ததே இல்லை. தட்டில் கண்ணாடித் தண்ணீர் பாட்டில்கள்.

"சித்தி," என்றாள். குரல் வந்தே விட்டது. "சித்தி, உங்களுக்குத் தெரியுதா?"

 பாட்டில்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கத் தொடங்கின. சித்திக்குக் கண் நல்ல கண். ஊசியில் நூல் கோப்பதற்கு அக்கம்பக்கத்தில் அவளைத்தான் கூப்பிடுவார்கள்.

"சுவிட்ச் சித்தி. உங்க தோளுக்குப் பக்கத்துலதான். அதை மட்டும் போடுங்க."

கிணுகிணுப்பு நின்றது. தட்டைத் தரையில் வைக்கிற சத்தம் கேட்டது, மிக மெதுவாக, ஒரு பாட்டில்கூட இன்னொன்றில் படாமல்.

கோடுகள் திரும்பின. கதவுப் பக்கம் ஒருமுறை. பிறகு மெதுவாக அவள் பக்கம்.

ர்ர்ர்.

நீலம் ஓர் எட்டு பின்னால் போனது. இன்னும் ஓர் எட்டு. தாழ்வாரத்து வெளிச்சம் கோடாக மெலிந்தது. தூங்குகிற குழந்தையின் அறையைச் சாத்துவதுபோல, அவ்வளவு பதமாக, கதவு சாத்திக்கொண்டது.