வழிவிடாதவன்

ஷாங்காயில் பேய்கள் கிடையாது. இந்த ஊர் வாடகைக்கு எந்தப் பேயும் தாக்குப்பிடிக்காது. வீட்டுத் தரகு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த ரென் போவென் இதை வேடிக்கையாகச் சொல்லவில்லை. ஆராய்ச்சி முடிவைப் போல அறிவித்தான்.

மூத்த தரகரான தாவ் அக்கா சிரிக்கவில்லை. "ரொம்ப நாளா பூட்டிக் கிடக்கிற வீடு தம்பி. மூணு தரம் தட்டு. 'தொந்தரவுக்கு மன்னிக்கணும்'னு சொல்லு. அப்புறம் வாசலை விட்டு ஒதுங்கி நில்லு. உள்ள இருக்கிறது வெளிய போக வழி வேணும்ல?"

"வெள்ளைக்காரங்க இருந்த வீடு அக்கா. அதுக்கு நம்ம பாஷை புரியுமா?"

"பேச்செல்லாம் நல்லாத்தான் பேசுற. இன்னைக்கு இந்த வீடு போகலைன்னா ஊருக்குப் போய் உங்கப்பாவோட வாத்துதான் மேய்க்கணும்."

அது உண்மை. வேலையில் அவனுடைய சோதனைக் காலம் அன்றோடு முடிந்தது. இதுவரை அவன் கையால் ஒரு கழிப்பறைகூட வாடகைக்குப் போனதில்லை.

மழை பிசுபிசுத்த பிற்பகல். வெளிநாட்டவர் குடியிருப்பின் வாசலில் காவலாளி அவனை நிறுத்தி, எங்கே, யாரைப் பார்க்க, ஏன் என்று குடைந்தான். பின்னால் வந்த வெள்ளைக்காரருக்கு, அவருடைய நாய்க்கும் சேர்த்து, சல்யூட் அடித்தான். உள்ளே எல்லா வீடுகளும் ஒரே அச்சு. அதே புகைபோக்கி, அதே புல்வெளி. தவறான கதவொன்றைத் திறக்கப்போய், புரியாத மொழியில் திட்டு வாங்கினான்.

ஒருவழியாகச் சரியான வீடு. அவன் தட்டவில்லை. கதவுப் பூட்டில் எண்களை அழுத்தி நேராக உள்ளே போனான்.

கருகிய வெண்ணெய் வாசனை.

முன்பு இருந்த குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டது. எல்லோரும் திரும்பினார்களா என்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

கூடத்தின் திரைச்சீலையை விலக்கினான். சமையலறை ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தபோது திரை மூடியிருந்தது. மறுபடி விலக்கினான். முதுகைத் திருப்பியதும், சர்ரென்று ஒரு சத்தம். மூடியிருந்தது. பராமரிப்பு அலுவலகத்துக்குப் போன் செய்தான். "திரை தானா மூடிக்குதா சார்? முன்பதிவு செஞ்சீங்களா?" என்றது ஒரு குரல். கடுப்பில் தன் டையைக் கழற்றித் திரையை இறுகக் கட்டிவிட்டு மாடிக்குப் போனான்.

திரும்பி வந்தான்.

டை அழகாக மடிக்கப்பட்டு ஜன்னல் விளிம்பில் இருந்தது.

திரை மூடியிருந்தது.

டையை எடுத்துக்கொண்டு, நிதானமாக நடப்பதாக நினைத்துக்கொண்டு வெளியே ஓடினான். கதவு பின்னால் அறைந்து சாத்திக்கொண்டது. எதிரே, வீடு பார்க்க வந்த வெளிநாட்டுக்காரி மரீக்காவைத் தாவ் அக்கா குடைக்குள் அழைத்து வந்துகொண்டிருந்தாள்.

பூட்டு இப்போது எண்களை ஏற்கவில்லை. அவன் அழுத்த அழுத்தக் கீச்சிட்டது.

"நான் வேற இடம் பாத்துக்கவா?" என்றாள் மரீக்கா, நல்ல சீன மொழியில்.

தாவ் அக்கா முன்னால் வந்தாள். மூன்று தரம் தட்டினாள். மன்னிப்புக் கேட்டாள். மரீக்காவின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

"தள்ளு தம்பி," என்று கிசுகிசுத்தாள்.

"சும்மா இருங்கக்கா. பேட்டரி போயிருக்கும்." அவன் வாசலை அடைத்துக்கொண்டு எண்களைக் குத்திக்கொண்டிருந்தான்.

பூட்டு தானாகத் திறந்தது.

குளிர்ந்த ஏதோ ஒன்று அவன் மார்பில் மோதி, அவனோடு ஒட்டிக்கொண்டது.

மரீக்கா அவன் தோளுக்குப் பின்னால் பார்த்துப் புன்னகைத்தாள். "உங்க ஆபீஸ்காரங்களா? பாவம், குடை இல்லாம நிக்கிறாங்களே."

போவென் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே வாசனை இல்லை. விலக்கிய திரை விலகியபடியே இருந்தது. மரீக்காவுக்கு வீடு பிடித்துப்போயிற்று. அங்கேயே கையெழுத்துப் போட்டாள். வாத்துகள் தப்பின.

தாவ் அக்கா வாழ்த்தவில்லை. "ஒதுங்கி நில்லுன்னு சொன்னேன்ல?" என்றாள். அவ்வளவுதான்.

நெரிசலான மெட்ரோவில் அவன் பக்கத்து இருக்கையில் கடைசிவரை யாரும் உட்காரவில்லை.

அவன் தனியாக வாழும் ஒற்றை அறையின் கதவடியில் ஈரக் கால்தடங்கள் முடிந்திருந்தன. சாவியை எடுத்தான்.

கருகிய வெண்ணெய் வாசனை.

உள்ளே, சர்ரென்று, திரைச்சீலை இழுபடும் சத்தம்.

அவன் அறையில் திரைச்சீலை கிடையாது.

சாவியைப் பைக்குள் போட்டான். நடைவழியில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டான். மூன்று தரம் தட்டிவிட்டு, சுவரோடு சுவராக ஒதுங்கி நின்று, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும் என்று மெல்லச் சொன்னான்.

ஆங்கிலத்தில்.