பிரிசில்லா அமுக்கிய கன்ட்ரோல் சி

2010, மே மாதம், காலை 10.40. சிதம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியின் தேர்வுப் பிரிவில் ரிசல்ட் செத்துக் கிடந்தது.

நாலாயிரம் பிள்ளைகளின் மார்க்கைக் கணக்கிடும் புரோகிராம். முந்தின நாள் சாயங்காலம் ஓட ஆரம்பித்து, இன்று மதியம் மூன்று மணிக்கு முடிய வேண்டியது, 10.12க்கு நின்றுபோயிருந்தது. பிரிசில்லாவின் கம்ப்யூட்டரில், டெர்மினல் என்கிற அந்தக் கறுப்பு ஜன்னலின் கடைசி வரியில் ‘^C’ என்றிருந்தது. யாரோ கன்ட்ரோல் சி அமுக்கியிருக்கிறார்கள். டெர்மினலில் அது ஓடுவதை நிறுத்திவிடும். மேலே ஒரு ரோல் நம்பர் மட்டும் மௌஸால் தேர்ந்தெடுத்தபடி வெளுத்துத் தெரிந்தது.

சிஸ்டம் அட்மின் ஞானசேகரன் வந்தார். காலேஜில் எது காணாமல் போனாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று அவருக்கு ஒரு பேர். அந்தப் பேர் வந்ததிலிருந்து மனுஷன் நடையே வேறு.

ஆறு பேர் சுற்றி நிற்க விசாரணை நடந்தது.

“இங்க உக்காந்திருந்தது யாரு?”

“நான்தான் சார்.” கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தற்காலிக ஊழியர் பிரிசில்லா.

“10.12க்கு என்ன பண்ணீங்க?”

“ரோல் நம்பர காப்பி எடுத்தேன் சார். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி கன்ட்ரோல் சி.”

“அதால நிக்காது. வேர்டுல பழகுன கை இதுலயும் அதையே அமுக்கும்னுதான் போன வருஷமே ஷார்ட்கட்ட மாத்தி வெச்சேன். இங்க கன்ட்ரோல் சி காப்பி மட்டுந்தான் எடுக்கும். அத நீங்க வேணும்னே பழையபடி திருப்பியிருக்கீங்க.”

“திங்கக்கெழம நீங்க புது லாகின் குடுத்ததுலேருந்து நான் எதையும் மாத்தல சார். எங்க மாத்துறதுன்னே தெரியாது.”

“போன வாரம் பர்மனென்ட் கெடையாதுன்னு சொன்னோம்ல, கோவம் ஜாஸ்தி போல,” என்றார் சூப்பிரண்டெண்ட் சக்கரபாணி. வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தை டைப் அடிக்கச் சொல்லிவிட்டார். பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

12.15. புரோகிராமை மறுபடி ஓடவிட்டபின், சாட்சிக்காக ஞானசேகரன் செட்டிங்கைத் திறந்தார். காப்பிக்கு எதிரே, அவர் மாற்றுவதற்கு முன் இருந்த அதே கன்ட்ரோல் ஷிப்ட் சி. நினைத்தது சரிதான், திருப்பியிருக்கிறாள். அடுத்த நொடி, டெர்மினல் வரியின் ஆரம்பத்திலிருந்த யூசர் பேர் கண்ணில் பட்டது. பிரிசில்லா. அவர் திங்கட்கிழமை உண்டாக்கிய லாகின்.

இந்த ஷார்ட்கட் மிஷினோடு வராது, லாகினோடுதான் வரும். அவர் மாற்றி வைத்தது பழைய பொது லாகினில். புதுசில் மாற்ற மறந்துவிட்டார். அவள் எதையும் திருப்பவில்லை, திருப்ப அங்கே ஒன்றும் இல்லை.

காது மடல் சுட்டது. ரெண்டு கிளிக்கில் இப்போதே மாற்றிவிடலாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. கை மௌஸ் வரைக்கும் போனது. சீ என்று இழுத்துக்கொண்டார்.

சக்கரபாணியிடம் போய், “செட்டிங்ல ஏதோ கோளாறு சார், லெட்டர் வேணாம்,” என்றார். யார் செய்த கோளாறு என்று சொல்ல நாக்கு எழவில்லை. தண்ணீர்க் குழாய் பக்கம் தனியாக நின்ற பிரிசில்லாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்.

“வேல போவாது. தப்பு என்னுதுதான்.”

“ஆறு பேர் முன்னாடி நிக்க வெச்சுக் கேட்டீங்க,” என்றாள். “இப்ப குழாயடியில வந்து சொல்றீங்களே சார்.”

1.05. அதே ஆறு பேரையும் ஞானசேகரன் கூப்பிட்டார்.

“நிறுத்தணும்னு நெனைக்கிறவங்க ரோல் நம்பர செலக்ட் பண்ணிட்டு உக்காந்திருக்க மாட்டாங்க. அது என் கண்ணு முன்னாடியே இருந்துச்சு. புது லாகின்ல ஷார்ட்கட்ட மாத்தாம விட்டதும் நான், அவுங்க மேல பழி போட்டதும் நான்.”

“பரவால்ல, விடுங்க சார்,” என்றார் சக்கரபாணி.

ஞானசேகரன் பிரிசில்லா பக்கம் திரும்பினார். “என்ன மன்னிச்சிடுங்கம்மா.” அது அவளுக்கு மட்டும்தான் கேட்டது.

“சத்தமா சொல்லுங்க சார்,” என்றாள் அவள். “காலைல எல்லாருக்கும் நல்லாக் கேட்டுச்சு.”

அவர் மறுபடியும் சொன்னார்.