அன்னக்கூடையில் நல்ல தண்ணீர்

அருள்பிரகாசம் கடைசிக் கவளத்தை விழுங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டான். மெல்லும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

பவுலின் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள். சப், சப் என்று, பல் போன வாய் ஊறின பொரியை மெல்வது போல, புருஷனின் பனியனுக்குள்ளிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது. அவனோ தட்டை வழித்து நக்கினான். மூன்று பேர் சோறு! தின்பதெல்லாம் எந்தப் பாழுங்கிணற்றுக்குப் போகிறதோ, ஆள் எலும்பும் தோலுமாய்க் கிடந்தான். சுனாமி வந்துபோன மறுவருஷம், உப்பளத்து வேலை முடிந்து குட்டைக்கரையில் வாயைப் பிளந்து தூங்கிவிட்டு வந்த நாளிலிருந்து இந்தக் கதிதான். ஏப்பம் விட்டால் வீடெல்லாம் சேற்று நாற்றம். பூச்சி மருந்து, ஸ்கேன், ஜெபம், எதுவும் பலிக்கவில்லை. இந்த மாசம் தாண்டாது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

குயிலாப்பாளையத்தில் அவள் பெருக்கித் துடைக்கும் கெஸ்ட் ஹவுசில் நோரா என்ற அயர்லாந்துக்காரி பத்து வருஷமாகத் தங்கியிருந்தாள். அவளிடம்தான் அழுதாள்.

"எங்க ஊர்ல கதை சொல்வாங்க, பவுலின். தண்ணி ஓரமா தூங்குறவங்க வாய்க்குள்ள போயிடும். அல்ப் லுவக்ரான்னு பேரு. பல்லி மாதிரி இருக்கும், ஆனா ஈரமா. திங்கிற சாப்பாட்ட அதுதான் திங்கும். உள்ளயே குட்டி போடும்."

"சீ! கர்த்தரே! அத எப்படிம்மா வெளிய எடுக்கிறது?"

"உப்புக்கறி நிறைய குடுப்பாங்க. ஒரு சொட்டு தண்ணி குடுக்க மாட்டாங்க. அப்புறம் தண்ணிக்குப் பக்கத்துல வாயத் திறந்து படுக்க வைப்பாங்க. அதுங்களுக்குத் தாகம் தாங்காது. ஒண்ணொண்ணா குதிக்கும். தாய் கடைசியா வரும்."

மரக்காணத்தில் உப்புக்கா பஞ்சம்? இரண்டு நாள் சுறாக் கருவாட்டையே போட்டாள். தண்ணீர்க் குடத்தைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டாள். "ஒரு வாய் குடு பவுலின், தொண்ட எரியுது" என்று அவன் கெஞ்சியபோது காதைப் பொத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கதவைச் சாத்தி, கட்டில் ஓரத்தில் அவன் தலையைத் தொங்கவிட்டு, கீழே அன்னக்கூடை நிறைய நல்ல தண்ணீர் வைத்தாள். கையைக் கட்டலாமா என்று யோசித்தாள். தூக்கவே தெம்பில்லாத கையை எதற்குக் கட்டுவது என்று விட்டுவிட்டாள்.

ஓட்டுச் சந்து வழியாக வெயில் இறங்கியது. கருவாட்டுக் கவிச்சியும் சேற்று வாடையும் சேர்ந்து அடிக்க, அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவன் நாக்கு வெடித்து வெள்ளையாய்ப் பூத்திருந்தது. அதற்குப் பின்னால் ஏதோ அசைந்தது.

தொளக்.

விரல் நீளம். வழவழவென்று, சோற்றுக் கஞ்சி நிறத்தில். கோழை நூலாய் இழுபட, தண்ணீரில் விழுந்து நெளிந்தது. பவுலின் முந்தானைக்குள்ளேயே வாந்தியெடுத்தாள். இன்னொன்று. இன்னொன்று. ஏழு, எட்டு...

"வருதுங்க! எல்லாம் வருது! கொஞ்சம் பொறுத்துக்கோங்க!" அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது அவளுக்கு. பிழைத்துவிடுவான். என் புருஷன் பிழைத்துவிடுவான்.

பன்னிரண்டு.

அவன் கழுத்து வீங்கியது. மணிக்கட்டுப் பருமன். நாக்கின் மேல் ஒரு தலை வந்து உட்கார்ந்தது. இமையில்லாத இரண்டு கண். அது தண்ணீரைப் பார்த்தது.

அவனும் பார்த்தான்.

"வாணாங்க! ஐயோ, வாணாம்!"

தூக்க முடியாத கை அன்னக்கூடையைத் தூக்கியது. அவள் பிடித்து இழுத்தாள். ஒரே உதறல். சுவரில் போய் விழுந்தாள். தாய் உள்ளே நகர்ந்து வழிவிட்டது.

மடக் மடக்கென்று குடித்தான். அத்தனையும். கடைசிச் சொட்டு வரை.

"அப்பாடா!" என்றான் அருள்பிரகாசம். "இப்பத்தாண்டி உசுரே வந்துது."

கடைவாயில் ஒரு வால் துடித்துக்கொண்டிருந்தது. அதை விரலால் உள்ளே தள்ளிவிட்டு, அவளைப் பார்த்துச் சிரித்தான்.