யானை எண் மூன்றின் மேல் ஒரு கொலைப்பழி

காலை 6.10.

குப்பண்ணனை முதலில் பார்த்தவன் காளிச்சாமி. பார்த்தது என்னவோ ஒரு தழைக் குவியலைத்தான். பழனாத்தாள் பலாமரத்திலிருந்து இன்னொரு கொப்பை முறித்து, தூங்குகிற குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி மெதுவாக அதன்மேல் வைத்தாள். குவியலின் ஓரத்தில் இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

பழனாத்தாள் யானை. கருஞ்சோலை வனவிலங்குச் சரணாலயத்தின் பதிவேட்டில் அவளுக்குப் பெயர் கிடையாது. 'யானை எண் மூன்று' மட்டும்தான். ஒன்றும் இரண்டும் எங்கே என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. பாகன் காளிச்சாமிதான் எருத்தேன்பதியில் இருக்கும் தன் மாமியார் பெயரை வைத்தான். ஆறு வருஷமாகிறது. மாமியாருக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை.

அது 1978, ஆடி மாதம். மூன்று நாள் மழையில் சரணாலயத்தின் பள்ளமெல்லாம் முழுகி, பங்களா மேடு இரண்டு ஏக்கர் தீவாக மிஞ்சி நின்றது. பாதை அறுபடும் முன்பே மற்ற ஊழியர்கள் கொல்லங்கோட்டுக்கு இறங்கிவிட்டார்கள். தங்கியவர்கள் ஐந்து பேர். இப்போது நாலு.

மனிதர்கள் போக, காடும் மேட்டுக்கு வந்திருந்தது. புள்ளிமான்கள் சமையல்கட்டு வாசலில் நின்றன. சமையல்கட்டுக் கூரைமேல் ஒரு சிறுத்தை படுத்திருந்தது. இரண்டுக்கும் நடுவே பத்தடிகூட இல்லை. மான் ஓடவில்லை, சிறுத்தை எழவில்லை. ஒன்றும் கத்தவில்லை. எல்லாம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன. காளிச்சாமி வெள்ளத்தைவிட அந்த ஒழுக்கத்துக்குத்தான் பயந்தான்.

அவன் போட்ட கூச்சலில் ரேஞ்சர் செங்கோட்டையன் துப்பாக்கியோடு ஓடி வந்தார். பின்னாலேயே, வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிய முத்துசுவாமி. கல்பாத்திக்காரர், விலங்குக் கணக்கெடுப்புக்காக வந்து மாட்டிக்கொண்ட குமாஸ்தா. வெள்ளம் வந்ததில் விலங்குகள் அவரைத் தேடி வருவதை அவர் ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார். கையில் நோட்டு. எது எத்தனை மணிக்கு வந்தது என்று நிமிஷக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்.

தழையை விலக்கினார்கள். குப்பண்ணன் மல்லாந்து கிடந்தான். கோவிந்தாபுரத்துக்காரன், காவலாளி, முப்பது வயது. விலா எலும்பெல்லாம் நொறுங்கியிருந்தது.

"மிதிச்சுப் போட்டுது. மிதிச்சுட்டு மறைக்கப் பாக்குது," என்றார் ரேஞ்சர்.

"இல்லீங்கய்யா. ஆனைங்க செத்ததைப் பாத்தா தழை போட்டு மூடுமுங்க. அது அதுகளோட வழக்கமுங்க."

"அட, கொன்னதும் செத்ததுதானப்பா!"

காளிச்சாமி நகர்ந்து யானைக்கு முன்னால் நின்றுகொண்டான்.

6.35.

ரேஞ்சர் சட்டைப்பையிலிருந்து ஈரமான சுற்றறிக்கையை எடுத்துப் படித்தார். வெள்ளக்கால நடவடிக்கைகள், பத்தி ஏழு. ஆளைக் கொன்ற விலங்கோடு ஊழியர்கள் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டால் அதிகாரி அதைச் சுடலாம். பத்தி எட்டு, சுட்ட தோட்டாவுக்கு மூன்று பிரதி அத்தாட்சி கேட்டது.

"ஒம்பது மணி. அதுக்குள்ள நீ ஏதாச்சும் சாப்பிடக் குடுத்துக்க," என்றார் ரேஞ்சர். அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் காளிச்சாமிக்குப் பயமாக இருந்தது; கெட்டவராக இருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம்.

"சாமீ, நீங்களாச்சும் சொல்லுங்க," என்று முத்துசுவாமியைப் பிடித்துக்கொண்டான்.

"நான் எண்ண வந்தவனாக்கும், காளிச்சாமி. வக்காலத்து வாங்க வரல்லை." முத்துசுவாமி குனிந்து குப்பண்ணனின் கால்களை வெகுநேரம் பார்த்தார். பாதம், கணுக்கால், முழங்கால், விரலிடுக்கு. நேற்று முழுக்கத் தண்ணீரில் ஊறிய வெளுப்பு. புது மாப்பிள்ளைக் கால் மாதிரி சுத்தமாக இருந்தன. "இவன் எப்ப வந்தான்?"

"அஞ்சரைக்குப் படகு திரும்பிச்சுங்க. சூசையப்பன் சத்தம் குடுத்தான். பங்களாவுல இருந்து கேட்டேனுங்க."

"வா. படகைப் பாத்துட்டு வருவோம்."

பலாமரத்திலிருந்து படகுத்துறைக்கு இருநூறு தப்படி. இடுப்பளவு புல். நீர் ஏறியதும் காட்டிலிருந்த அட்டைகளும் மேட்டுக்கே குடிவந்திருந்தன. ஒவ்வொரு புல் நுனியிலும் ஒன்று நின்று, காற்றில் தலையை ஆட்டி ஆளைத் தேடியது. இந்தக் காட்டில் கால் வைக்கிறவர்கள் பங்களாப் படியில் இருக்கும் தகர டப்பாவில் கையை விட்டு, புகையிலையும் சுண்ணாம்பும் விளக்கெண்ணெயும் குழைத்த சாந்தை முழங்கால்வரை பூசாமல் இறங்கமாட்டார்கள். செருப்பு மறந்தாலும் அது மறக்காது. அன்று காலை யானைக்கு என்னவோ ஏதோ என்று ஓடியபோதுகூட, காளிச்சாமியின் கை தானாக டப்பாவில் போய்விட்டுத்தான் வந்தது. ரேஞ்சருக்கு மட்டும் சர்க்கார் கொடுத்த அட்டை உறை. முழங்காலுக்கு மேல் நாடா போட்டுக் கட்டுவார். முத்துசுவாமி தொடை வரை பழுப்பாக இருந்தார்.

7.05.

சூசையப்பன் படகுக்குள்ளேயே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் இருந்துவிட்டு இங்கே படகுக்காரனாக வந்தவன். படகு ஒரு நாவல் மரத்தில் கட்டியிருந்தது. நங்கூரக் கயிறு முனையில் ஒன்றுமில்லாமல் பலகையில் சுருண்டு கிடந்தது.

"என்ன நடந்ததுன்னு சொல்லு, சூசை," என்றார் முத்துசுவாமி.

"என்னத்தச் சொல்ல, ஸார்? நேத்து மத்தியானம் ரேஞ்சர் அய்யா பள்ளத்துல இருக்க கீழ்ப்பதி சனத்தக் கூட்டியாரச் சொன்னாக. நானும் குப்பண்ணனும் போனோம். அங்க ஒரு குஞ்சு இல்ல. நாப்பத்தியோரு பேரும் மலைக்கு ஏறிட்டாக. சுழிப்பு சாஸ்தி, ராத்திரி ஒரு மரத்துல படகக் கட்டிட்டுக் கெடந்தோம். விடியக் கரைக்கு வந்தோம். அவன் ரேஞ்சர்கிட்டச் சொல்லிட்டு வாரேன்னு எறங்கிப் போனான்."

"நீ?"

"நா எறங்கவே இல்லைய்யா. இந்நேரம் வரைக்கும் இந்தப் பலகைய விட்டு அசையல. படக வெள்ளம் எடுத்துட்டுப் போயிரும்ல?"

"அவன் புல்லு வழியாத்தான் நடந்து போனானா?"

"வேற வழி ஏது? பறந்தா போவான்?"

"கணுக்காலில் ரத்தம் வரதே."

சூசையப்பன் காக்கி முழுநிஜாரின் காலை இழுத்துவிட்டுக்கொண்டான். "துடுப்பு இடிச்சிருச்சு, ஸார். காலங்காத்தால."

முத்துசுவாமி தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தோளில் தொங்கிய தூரதரிசனியை எடுத்து எதிர்மேட்டைப் பார்த்தார். அங்கேயும் நீருக்கு நடுவே ஒரு திட்டு. அதில் மிளா மான் கூட்டம்.

"நேத்து மத்தியானம் கொம்புள்ள மிளா அஞ்சு," என்றார் நோட்டைப் புரட்டி. "இப்ப மூணு."

"நீந்திப் போயிருக்குமுங்க," என்றான் காளிச்சாமி.

"எங்கே?"

காளிச்சாமி சுற்றிலும் பார்த்தான். பழுப்புத் தண்ணீர்தான். போக ஓர் இடமும் இல்லை.

8.20.

பலாமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். சூசையப்பனை முத்துசுவாமிதான் வரச்சொல்லியிருந்தார். காளிச்சாமி கொண்டுபோன டப்பாச் சாந்தைப் பூசிக்கொண்ட பிறகே அவன் படகைவிட்டு இறங்கினான். ரேஞ்சர் தோட்டாவைப் போட்டு முடித்திருந்தார். பழனாத்தாள் துதிக்கையால் காளிச்சாமியின் காதைத் தடவினாள். புள்ளிமான்கள் கொஞ்சம் நெருங்கி வந்து நின்றதுபோல் இருந்தது.

"சார், ஒம்பதுக்கு இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. எனக்குப் பத்துப் போரும்," என்றார் முத்துசுவாமி. "உயிரோட ஒருத்தன் அந்தப் புல்லிலே இருநூறு தப்படி நடந்தா என்ன ஆகும்?"

"அட்டை கடிக்கும். இல்லாட்டிப் புகையிலை பூசியிருக்கோணும். இதென்ன கேள்விங்க?"

"குப்பண்ணன் காலைப் பாருங்கோ. பூச்சும் இல்லை, கடியும் இல்லை."

ரேஞ்சர் குனிந்து பார்த்தார். இந்தமுறை விலாவைப் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"மழை கழுவிடுத்துன்னா, கடி இருக்கணும். கடி இல்லைன்னா, பூச்சு இருக்கணும். ரெண்டும் இல்லாத கால் அந்தப் புல்லிலே நடக்கல்லை. அட்டைக்கு உயிருள்ள சூடு வேணும் சார். செத்தவனைச் சீந்தாது. இவனைத் தூக்கிண்டு வந்து போட்டிருக்கா."

"ஆருங்க?" என்றான் காளிச்சாமி. கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தான். பின்னால் யானைதான் இருந்தது.

"தூக்கிண்டு வந்தவனும் புல்லிலேதானே நடந்திருப்பான்? உனக்கும் எனக்கும் சாந்து. ரேஞ்சருக்கு உறை. படகுக்காரன் தண்ணியிலே இருக்கறவன்; விடியக்காத்தாலே அவன் எங்கே பூசியிருக்கப்போறான்? சூசை, நிஜாரை ஏத்து."

சூசையப்பன் அசையவில்லை. ரேஞ்சரின் துப்பாக்கி யானையை விட்டு மெல்லத் திரும்பியது. அவன் நிஜாரை ஏற்றினான். சற்றுமுன் பூசிய பழுப்புச் சாந்தைக் கரைத்துக்கொண்டு, முழங்கால்வரை ஒன்பது இடங்களில் ரத்தம் மெல்லிய இழையாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் நடுவிலும் மூன்று முனைக் கீறல்.

"துடுப்பு இடிச்ச காயம் மூணு மணி நேரமா ஒழுகாது. அட்டைக் கடிதான் நிக்காம ஒழுகும். பலகையை விட்டு அசையாதவனை எந்த அட்டை சார் நீந்தி வந்து கடிக்கும்? நங்கூரக் கல்லு எங்கே, சூசை? அதாலேதானே நெஞ்சிலே போட்டே? எதிர்த்திட்டிலே குறைஞ்ச ரெண்டு மிளாவுக்கும் படகிலேதான் கணக்கு இருக்கும்; போய்ப் பாரு, காளிச்சாமி."

காளிச்சாமி படகுக்கு ஓடினான். அடிப்பலகையைப் பெயர்த்தான். சாக்குக்குள் இரண்டு மிளாத் தலைகள். கொம்பில் ரத்தம் காயவில்லை, கண் மூடவில்லை.

அவன் சாக்கோடு திரும்பி வந்தபோது சூசையப்பன் தரையில் குந்தியிருந்தான். "கொம்புக்காக ரெண்டே தலைய்யா. அசையாம நின்னுச்சுக. வெட்ட வெட்டப் பாத்துக்கிட்டே நின்னுச்சுக." அவன் சாக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். "குப்பண்ணன் அப்பமே வேணாம்னான். விடியக்காலம் கரை தெரிஞ்சதும் ரேஞ்சர்கிட்டச் சொல்லிருவேன்னான். ஆன மேல போட்டுட்டா ஆரும் கேக்கமாட்டாகன்னு..."

"கேக்கமாட்டாதான்," என்றார் முத்துசுவாமி. "சுற்றறிக்கையிலேயே இருக்கே." பிறகு அவர் குரல் வேறாயிற்று. "சூசை. நேத்து பூரா நீங்க அந்தத் திட்டிலே இருந்தேள்னா, கீழ்ப்பதிக்கு எப்பப் போனேள்?"

சூசையப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"போகவே இல்லையா?" ரேஞ்சர் கத்தினார். "நாப்பத்தியோரு பேருடா!"

8.50.

படகை ஓட்டத் தெரிந்தவன் கொலைகாரன். சுழிப்பு அவனுக்கே ஜாஸ்தி. கீழ்ப்பதிவரை ஆள் பலத்தில் துடுப்புப் போட முடியாது. ரேஞ்சர் தோட்டாக்களை உருவிச் சட்டைப்பையில் போட்டார். காளிச்சாமியைப் பார்க்காமல், "ஏனப்பா, உன்ர ஆனை படகை இழுக்குமா?" என்று கேட்டார்.

"கேட்டுப் பாக்கோணுமுங்க."

சூசையப்பனைப் பங்களாத் தூணில் கட்டினார்கள். "இவனைத் தனியா உட்டுட்டுப் போறதுங்களா?" என்றான் காளிச்சாமி.

"தனியா எங்கே?" முத்துசுவாமி மேட்டைச் சுற்றிப் பார்த்தார். "நோட்டிலே முப்பத்தெட்டு பேர் இருக்கா."

சிறுத்தை கூரையிலிருந்து தலையைத் திருப்பியது. தூணில் இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டான்.

படகுக் கயிற்றைப் பழனாத்தாளின் மார்புப் பட்டையில் முடிந்தார்கள். ரேஞ்சரும் முத்துசுவாமியும் படகில் ஏறினார்கள். காளிச்சாமி கழுத்தில் ஏறிக் காதுக்குப் பின்னால் பெருவிரலை அழுத்தினான். அவள் யோசித்தாள். இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, வயிற்றுக்கு வந்தது. அப்புறம் அடியில் தரை இல்லை. உடம்பு முழுகி, துதிக்கை மட்டும் மேலே நின்றது. காளிச்சாமி இடுப்பளவு வெள்ளத்தில், ஒன்றுமில்லாததன் மேல் உட்கார்ந்து போவதுபோல் போனான்.

முதல் வளைவு தாண்டியது. மரத்தலைகள் மட்டும் தெரிந்தன. இரண்டாம் வளைவில் முத்துசுவாமி கையைத் தூக்கினார். எல்லாரும் காதைத் தீட்டினார்கள்.

எங்கோ தூரத்தில், மழைக்கு அப்பால், யாரோ ஒரு பித்தளைப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நேற்றிலிருந்து தட்டித் தட்டிக் கை ஓய்ந்தவர்களின் தட்டல். ஒன்று. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

காளிச்சாமியின் பெருவிரல் அசையவில்லை. பழனாத்தாள் தானாகவே அந்தப் பக்கம் திரும்பினாள்.