மூன்றாம் எண் போன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கயல் ரசஞ்சாதத்தைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் போட்டு, அதில் ஒரு ஸ்பூனைக் குத்தி நிறுத்தி, கம்ப்யூட்டர் அறைக்குள் எடுத்து வந்தாள். வந்தவள் தன் கணவரைப் பார்க்கவில்லை. அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே தரையைப் பார்த்தாள். பிறகு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கம்ப்யூட்டரை, யாரோ வழியை மறித்து நிறுத்திவிட்டுப் போன ஸ்கூட்டரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"எனக்கு இன்னும் பல்லு இருக்கு," என்றார் அசோகன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உங்களுக்கு இல்லீங்க. அம்மாவுக்கு. கட்டிலை எங்க தூக்கிப் போட்டீங்க?"

அம்மா என்றால் தாயம்மா, அசோகனின் மாமியார். பக்கவாதத்தில் வலது பக்கம் முழுக்க விழுந்து, இதே அறையில், இதே ஜன்னலடியில் ஒரு வருஷத்துக்கு மேல் படுத்துக் கிடந்து, போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. கட்டிலை மடக்கிப் பரணில் ஏற்றி, அறையைப் பினாயில் ஊற்றித் திரும்பத் திரும்பக் கழுவி, அந்தத் தைல வாசனை சுவரைவிட்டுப் போன பிறகுதான் அசோகன் கம்ப்யூட்டரை அங்கே கொண்டுவந்து வைத்தார்.

அசோகனுக்குத் தலையில் ஒரு முடிகூடக் கிடையாது. ஆனால் உள்ளே மூளை உண்டு. இதை அவரே பலரிடம் சொல்லியிருக்கிறார். மறுத்துப் பேச யாரும் முன்வரவில்லை. தேனாம்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் சூப்பரின்டெண்டாக இருந்து, வாசலில் பியூன் எழுந்து நிற்க உள்ளே நுழைந்த மனிதர், ஓய்வுபெற்ற பின் மந்தைவெளியில் ஒரு மாடி ஃப்ளாட்டில், முட்டாள்கள் மத்தியில் காலம் தள்ள வேண்டியதாயிற்று. ஓய்வுக்குச் சில மாசம் முன்பே அவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட உத்தியோகம்தான் பேக்கப், போனில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைப்பது. ஞாயிறு காலை காபி முடிந்ததும் எவர்சில்வர் தட்டை நீட்டுவார். எல்லாரும் போனை அதில் வைக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. "உன் போன் ஒருநாள் சாகும். அன்னிக்கு யார்கிட்ட வந்து அழுவே?" என்பார். அந்த நாளுக்காக அவர் ஆவலோடு காத்திருந்தார் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

போன்களுக்கு எண் உண்டு. கயலுடையது ஒன்று. நங்கநல்லூரிலிருந்து ஞாயிறுதோறும் சாப்பிட வரும் கயலின் தம்பி பிரபுவுடையது இரண்டு. மூன்றாம் எண் தாயம்மாவுடையது. அவள் போனதும், "செத்தவளுக்கு எதுக்குப் போன்?" என்று காரியம் முடிந்த கையோடு அதைத் துடைத்துத் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் அசோகன். அதுவரை பட்டன் போனிலேயே ஓட்டியவர். புதுசு வாங்குகிறவன் மடையன் என்பது அவர் கொள்கை. கம்ப்யூட்டரில் எண்ணையும் அவர் மாற்றவில்லை.

"பேரு போட்டு வையுங்களேன். அம்மாது எது, உங்களுது எதுன்னு தனியாத் தெரியும்ல?" என்று கயல் அப்போதே கேட்டாள்.

"பேரு வெச்சுக் கொஞ்சறதுக்கு இது நாய்க்குட்டியா?" என்றார். அதோடு அது முடிந்தது.

இன்று காலைதான் அவர் காத்திருந்த நாள் வந்தது. ஒன்றாம் எண் செத்தது. திரையில் ஒரு வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. ஆனால் போன வாரம்தான் கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று கயலின் புதிய பேக்கப்புகளையெல்லாம் அவர் அழித்திருந்தார். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூவும், கீழ்வீட்டு ஷகீலா அனுப்பிய பிரியாணி வீடியோவும், குப்பை. குப்பைக்கு எதற்கு இடம்? மூன்று வருஷத்துப் பழைய பேக்கப் ஒன்று சின்னதாக ஓரத்தில் கிடந்தது. இவளுக்கு இது போதும் என்று அதை ஏற்றி, 'மீட்டெடு' என்ற பொத்தானை அழுத்தினார். பச்சைக் கோடு இடமிருந்து வலமாக மெல்ல ஊர்ந்து நிறைந்தது. சமையலறையில் கயல் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது, பாதி வரியில் நின்றது.

அதை அவர் அப்போது கவனிக்கவில்லை. இப்போது, கிண்ணத்தோடு நிற்கிறவளைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது.

"உங்கம்மா செத்து ரெண்டு வருஷமாச்சு," என்றார், பஸ் போய்விட்டது என்று சொல்லும் குரலில்.

கயல் கத்தவில்லை. கட்டில் இருந்த இடத்தில் அப்படியே உட்கார்ந்தாள். ஒரு சோற்றுப் பருக்கை அவள் மணிக்கட்டில் ஒட்டியிருந்தது. போன பொங்கலுக்குக் குக்கர் ஆவி அடித்து அந்த இடத்தில் ஒரு தழும்பு விழுந்திருந்தது. தழும்பைக் காணவில்லை.

"நேத்துகூடத் தலை வாரி உட்டேனே," என்றாள். "மெல்ல வாருடி, வலிக்குதுன்னு சொல்லிச்சே." பிறகு ஜன்னல் வழியாகப் பார்த்து, "எதுக்குத் தெருவெல்லாம் தகரம் அடிச்சு வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். மெட்ரோ வேலைக்காக அந்தத் தகரத்தை அடித்து இரண்டு வருஷமாகி, ஊரே அதைத் திட்டி ஓய்ந்துவிட்டிருந்தது.

அவள் நிமிர்ந்தபோது அசோகன் ஒன்றைக் கண்டார். அழுகிற முகம் மூன்று வருஷத்துக்கு முந்தைய கயலுடையது. ஆனால் கண்ணின் கறுப்புக்குள், வெகு ஆழத்தில், இன்னொரு கயல் நின்றாள். நேற்றைய கயல். பூட்டின கதவை உள்ளிருந்து தட்டுகிறவள்போல.

நாடகம், என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் திரையில் இருந்த பேக்கப் தேதியை இன்னொரு முறை படித்தார்.

மூளையுள்ளவன் ஒரு விஷயத்தை இரண்டாம் முறை செய்து பார்க்காமல் நம்ப மாட்டான். அதற்கென்றே அனுப்பி வைத்ததுபோல் பிரபு வந்தான், மழையில் நனைந்து, செருப்பை வாசலில் உதறிக்கொண்டு.

"இன்னா மாமா, இன்னிக்கும் தட்டா? உண்டில போட்டாலாவது சாமி என்னிக்காவது திருப்பிக் குடுக்கும்."

"போனை வெச்சுட்டு அங்க போய்த் தின்னு."

"அக்கா இன்னாத்துக்கு அழுவுது?"

"வெங்காயம்."

பிரபு வஞ்சிரம் வறுவலோடு உட்கார்ந்தான். அசோகன் இரண்டாம் எண்ணைச் சொருகி, அவன் பல்லாவரத்தில் வண்டியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்த மாசத்துப் பேக்கப்பைத் தேடிப் பிடித்தார். அழுத்தினார். கோடு ஊர்ந்தது. கூடத்தில் மெல்லும் சத்தம் கேட்டது. முள்ளைத் துப்பும் சத்தம் கேட்டது. நாற்காலி பின்னால் நகரும் சத்தம். அப்புறம் ஆள் விழும் சத்தம்.

"அய்யோ! மாமா! கட்ட எவன் அவுத்தது? கால் தொங்கிக்கினு கீது மாமா!"

கால் பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் அவன் அதை ஊன்றியதும் போட்ட அலறலில் ஷகீலா மாடியேறி வந்துவிட்டாள். ஆட்டோ பிடித்து அவளும் அவள் மகனுமாக அவனைத் தூக்கி ஏற்றினார்கள். படியிறங்கும்போது பிரபு ஒருமுறை திரும்பி அசோகனைப் பார்த்தான். அவன் கண்ணுக்குள்ளும் ஒருவன் நின்று தட்டினான்.

போன ஞாயிறு எடுத்த பேக்கப் இருந்தது. அதை ஏற்றினால் பிரபு எழுந்து நடப்பான். அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார் அசோகன். ஒரு வாரம் வாய் மூடியிருக்கட்டும். அவருக்கு இரக்கம் வரவில்லை. வந்ததெல்லாம் பெருமை.

எல்லாவற்றையும் வாசற்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த கயல் மெல்ல உள்ளே வந்தாள்.

"ஏங்க. அப்படீன்னா அம்மாவையும் கொண்டாந்துடுங்களேன்."

அசோகன் சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "கொண்டாரதுக்கு ஆளு இருக்கணும்டி. சாம்பலையா ப்ளக்குல சொருகுவேன்? போ. போய்ப் பாத்திரத்தைக் கழுவு."

அவள் போனாள். சமையலறையில் குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. சாதம் பிசையும் சத்தம்தான் கேட்டது.

மழை வலுத்தது. நடுப்பகலிலேயே அறை இருண்டு, திரை வெளிச்சம் மட்டும் அவர் வழுக்கையில் நீலமாகப் படிந்தது. அசோகன் யோசித்தார். முட்டாள்களைப் பின்னுக்குத் தள்ளி என்ன லாபம்? தமக்கு வேண்டாமா? சர்க்கரை வியாதி வருவதற்கு முன்னால், ஓய்வுபெறுவதற்கு முன்னால், காபியில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் வாசலில் எழுந்து நிற்கும் பியூனுமாக ஒரு காலம் இருந்ததே. பையிலிருந்து மூன்றாம் எண்ணை எடுத்துச் சொருகினார். வரிசை விரிந்தது. பெயரில்லை, தேதிகள் மட்டும். கீழே கீழே போனார். ஓய்வுபெற்ற மாசத்துக்கும் முந்தையது ஒன்று அகப்பட்டது.

'இப்போதைய நிலையைச் சேமிக்க இடமில்லை. அதை அழித்துவிட்டுத் தொடரலாமா?' என்று கேட்டது கம்ப்யூட்டர்.

இப்போதைய நிலையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தொடரலாம்.

கோடு புறப்பட்டது.

முதலில் வாசனை வந்தது. எங்கிருந்து என்று தெரியவில்லை. மழை ஈரத்துக்குள்ளிருந்தோ, சுவர்ச் சுண்ணாம்புக்குள்ளிருந்தோ, மெல்லக் கசிந்து, பினாயிலைத் தாண்டி, மூக்கைத் தாண்டித் தொண்டைக்குள் இறங்கியது. கற்பூரமும் எண்ணெயும் வேர்வையும் நாள்பட்ட துணியும் கலந்த வாசனை. தைலம். அசோகன் முகத்தைச் சுளித்தார். சுளித்தது இடது பாதி மட்டும்.

மவுஸின் மேல் இருந்த வலது கையைப் பார்த்தார். அது அங்கே இருந்தது. ஆனால் அது யாருடையதோபோல் இருந்தது. விரலை அசைக்கச் சொன்னார். விரல் கேட்கவில்லை.

அப்போதுதான் கணக்குப் போட்டார். அவ்வளவு மூளையுள்ளவர் அப்போதுதான் போட்டார். அந்த மாசம் அவர் கையில் இருந்தது பட்டன் போன். மூன்றாம் எண் அந்த மாசம் எங்கே இருந்தது? இங்கே. இந்த ஜன்னலடியில். தலையணைக்குப் பக்கத்தில்.

ஒயர் வலது பக்கம் இருந்தது. இடது கையை நீட்டினார். எட்டவில்லை.

சட்டென்று கரண்ட் போயிற்று. மின்விசிறி முனகி நின்றது. தெருவே இருண்டது. அசோகனுக்கு உயிர் வந்தது. ஆனால் மேஜைக்கடியில் யு.பி.எஸ். ஒருமுறை கீச்சென்றது. ரிச்சி தெருவில் கடைக்காரனை மடக்கி மடக்கி அவரே கேள்வி கேட்டுத் தேர்ந்தெடுத்தது. எந்தக் காரணத்துக்காகவும் பேக்கப் பாதியில் நிற்கக் கூடாது என்பதற்காக.

இருட்டில் பச்சைக் கோடு மட்டும் ஊர்ந்தது.

கீச்.

நாற்காலி சரிந்தது. தரை வந்தது. தோளில் அடி விழுந்தது, வலிக்கவில்லை. வலது பக்கம் எதுவுமே வலிக்கவில்லை. மேலே மின்விசிறி தெரிந்தது. அதன் மூன்றாவது இறக்கையில் ஒரு துருக்கறை. நாற்காலியில் உட்கார்ந்தவன் அதைப் பார்க்க முடியாது. படுத்துக் கிடப்பவள் மட்டும்தான் பார்த்திருப்பாள். தினமும்.

கீச்.

கூப்பிட வேண்டும். கயல் என்று. நிறுத்து என்று. வாயின் ஒரு ஓரம் ஒழுகியது. நாக்கு புரண்டது.

"கயலு," என்றது வாய்.

அவர் குரல் இல்லை.

சமையலறையில் ஏதோ கீழே விழுந்தது. ஓடி வரும் காலடி. வாசற்படியில் நின்றாள். திரை வெளிச்சத்தில் அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"அம்மா?"

இல்லைடி. நான். ஒயரைப் பிடுங்கு. பிடுங்கு.

"பசிக்குதுடி," என்றது வாய்.

"தோ வந்துட்டேம்மா. இங்கயே கீறியா? நீ செத்துட்டியாமே. அந்த ஆளு இன்னா சொன்னாரு தெரியுமா?" கயல் சிரித்தாள், அழுதாள், முந்தானையால் வழிந்த எச்சிலைத் துடைத்தாள். பாயை விரித்து, பழகின கையால் உடம்பைப் புரட்டிப் போட்டாள். கிண்ணம் வந்தது. ஸ்பூன் வந்தது. குழைந்த சோறு. அசோகன் உதட்டை இறுக்கினார். உதடு திறந்து வாங்கிக்கொண்டது.

அவளுடைய கண்ணைத் தேடினார். உள்ளே இருக்கிறாளே ஒருத்தி, நேற்றைய கயல், அவளுக்குத் தெரியும், அவள் பார்ப்பாள். கண்ணின் கறுப்புக்குள் பார்த்தார்.

அங்கே இருந்தவள் தட்டவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டு, அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் 'முடிந்தது' என்று எழுத்து வந்தது. யு.பி.எஸ். ஓய்ந்தது. முழு இருட்டு. கயல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றித் தரையில் ஒட்ட வைத்து, அவர் தலையைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். கையில் சீப்பு இருந்தது.

அசோகன் கத்தினார். உள்ளே, உள்ளே, எட்டாத ஆழத்தில் நின்று, இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு கத்தினார்.

வழுக்கையில் சீப்பு இறங்கியது.

"மெல்ல வாருடி," என்றது வாய். "வலிக்குது."

"சரிம்மா."

கயல் சீப்பை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பல்லிடுக்கில் சிக்கியிருந்ததை இழுத்து விரலில் சுற்ற ஆரம்பித்தாள். நீளமான வெள்ளை முடி. சுற்றச் சுற்ற வந்துகொண்டே இருந்தது.